இட்லிப் பானையில் வெந்த பிளைவுட்

போன வருடம் ஜூன் மாதம், செம்பூர் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் பழைய இட்லிப் பானையில் தண்ணீர் ஊற்றி அதில் ஆறு பிளைவுட் துண்டுகளைப் போட்டு அடுப்பில் ஏற்றினேன். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. சாயங்காலம் நாலு மணி வரை, எட்டு மணி நேரம், விடாமல் கொதிக்க வேண்டும் என்பது கணக்கு. பதினோரு மணிக்கு சமையலறையில் ஒரு வாடை கிளம்பியது. நனைந்த அட்டைப்பெட்டியும் ஆஸ்பத்திரி வராந்தாவும் கலந்த மாதிரி. "இனிமே அதுல இட்லி அவிக்க முடியாது, புதுசு வாங்கிட்டு வந்துருங்க" என்று சொல்லிவிட்டு மனைவி ஜன்னலை எல்லாம் திறந்து வைத்தாள். மழைச் சாரல் உள்ளே வந்தது, வாடை வெளியே போகவில்லை.

மதியத்துக்குள் மூன்று துண்டுகள் பழைய நோட்டுப் புத்தகம் போலத் தாள் தாளாக விரிந்துவிட்டன. மற்ற மூன்றும் நாலு மணிக்கு எடுத்து உளியை விட்டு நெம்பியபோதுகூட ஒட்டு விடவில்லை, மரம்தான் கிழிந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால் விரிந்த மூன்றும் 'மரைன்' என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டு, அதற்குண்டான விலைக்கு என்னிடம் விற்கப்பட்ட பலகையிலிருந்து அறுத்தவை.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆபீசில் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, மட் தீவில் ஒரு தகரக் கொட்டகையில் பல வருடமாகக் கவிழ்ந்து கிடந்த ஒரு சின்னப் பாய்மரப் படகை வாங்கினோம். எண்டர்பிரைஸ் என்ற ரகம். ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1956இல் வடிவமைத்தது, பதின்மூன்றே கால் அடி நீளம், நீலப் பாய். வீட்டுக் கொல்லையில் வைத்து ஆளாளுக்குக் கட்டிக்கொள்ளட்டும் என்று பிளைவுட்டில் போட்ட வடிவம் அது. எங்களுடையதில் அணியத்துக்கு, அதாவது படகின் முன்முனைக்கு, பக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குப் பலகை உளுத்துப்போயிருந்தது, அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டையும் ஒரு இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் கேக் மாதிரி உள்ளே போனது. நாகப்பட்டினத்துக்காரன், கடற்கரையில் வளர்ந்தவன் என்று மற்ற இரண்டு பேரும் என்னை நம்பிவிட்டார்கள். எனக்குத் தெரிந்த மரவேலை, ஸ்கூலில் செய்த ஒரு சோப்பு டப்பா.

முதல் வருடம் நான் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கிடைத்த பிளைவுட், கிடைத்த வெள்ளைப் பசை. மேஜை நாற்காலி எல்லாம் அதில்தானே நிற்கிறது என்ற தைரியம். அந்தப் பசையைக் குறை சொல்ல மாட்டேன், அது செய்யச் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்யும். ஆனால் சாதாரண வெள்ளைப் பசை தண்ணீரில் நுண்துளிகளாக மிதக்கும் பிளாஸ்டிக், தண்ணீர் வெளியேறுவதால்தான் இறுகுகிறது. திரும்ப நாள்கணக்கில் நனைந்து கிடந்தால் இளகும். அது மட்டுமில்லாமல் இடைவிடாமல் சுமை இழுத்துக்கொண்டே இருந்தால் காய்ந்த பசைகூட மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். பாய்க்கயிறு எந்நேரமும் முறுக்கிக்கொண்டிருக்கும் படகுக்கு இந்த இரண்டு குணமும் ஆகாது. மூன்றே மாதம். பிப்ரவரியில் ஒரு நாள் நடுக்கடலில், சரி, நடுக்கடல் இல்லை, கரையிலிருந்து ஒரு கூப்பிடு தூரத்தில், கால் நனைகிறதே என்று குனிந்து பார்த்தால் ஒட்டிய பலகையின் ஓரம் உதடு மாதிரி திறந்து மூடிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ராத்திரிதான் மாமாவுக்கு போன் போட்டேன். அம்மாவின் தம்பி. நாற்பது வருடம் ஓடாவி வேலை பார்த்தவர், மரப் படகு கட்டுகிறவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இப்போது ஃபைபர் படகு வந்து வேலை குறைந்துபோய் வீட்டோடு இருக்கிறார். நான் எபாக்சியா, பாலியூரித்தேனா, ரிசார்சினாலா என்று இன்டர்நெட்டில் படித்ததை எல்லாம் ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "மாப்ள, பசையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அந்த மரம் ஊறி உப்புற மரமா, உப்பாம வச்சிக்கப் போற மரமா, அதைச் சொல்லு" என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. புரியப் பல மாதமும் இன்னொருவர் படகும் தேவைப்பட்டது, அதற்கு வருகிறேன்.

முதலில் பிளைவுட். கடையில் பலகையின் முகத்தைப் பார்த்து மயங்கக் கூடாது, ஓரத்தைப் பார்க்க வேண்டும். அடுக்குகளுக்கு நடுவில் ஓடும் பசைக்கோடு கரும்பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் ஃபீனால் வகைப் பசை, வெளிறி இருந்தால் யூரியா வகை. யூரியா பசை ஈரமும் சூடும் சேர்ந்து தாக்கினால் மெல்லச் சிதைந்துவிடும். அலமாரிக்குப் போதும், படகுக்கு ஆகாது. நம் ஊர் தர எண்களில் மரைன் பலகைக்கு ஐஎஸ் 710, அதற்கு 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனை. அதற்கடுத்த கொதிநீர் தாங்கும் ரகத்துக்கு 8 மணி நேரம். நான் இட்லிப் பானையில் செய்தது இந்தச் சின்னப் பரீட்சையைத்தான், அதில்கூட அந்த 'மரைன்' தேறவில்லை. ஆனால் ஒன்று, கொதிக்க வைப்பது பசையை மட்டுமே சோதிக்கும். உள் அடுக்கில் பொந்து இருக்கிறதா என்பது அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அறுக்க விடாத கடைக்காரரிடம் வாங்காமல் வந்துவிடுவதே நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

அடிக்கட்டைக்குத்தான் மரம் தேடி அலைந்தேன். ரே ரோடு ஸ்டேஷனில் இறங்கி தாருகானா பக்கம் நடந்தால் லக்டி பந்தர் என்றே ஒரு தெரு உண்டு, பெயரிலேயே மரத்துறை. உடைத்த கப்பலின் சங்கிலி, நங்கூரம், துருப்பிடித்த கதவு இவற்றுக்கு நடுவே மரக்கடைகள். நான் போன கடையின் சேட் கட்ச் பக்கத்துப் படேல். தேக்கு என்றதும் பளபளவென்று இழைத்த ஒன்றைக் காட்டினார். வெளிநாட்டுத் தோட்டத் தேக்கு, விறுவிறுவென்று வளர்ந்தது, வளையங்கள் விரலகலத்துக்கு விலகி நின்றன, ஓரமெல்லாம் வெள்ளை. தேக்கு உளுக்காது என்று ஊரெல்லாம் சொல்வது வைரம் பாய்ந்த நடுப்பகுதியைப் பற்றித்தான். வெளிப்பக்கத்து வெள்ளைக்கு அந்தப் பெருமையில் பங்கில்லை. விலை மட்டும் கன அடிக்கு ஒரே விலை.

நான் கடைசியில் வாங்கியது பழைய மரம். மும்பையில் சால் என்ற பழைய வரிசைக் குடியிருப்புகளை இடிக்கும்போது உத்திரமும் தூணுமாக பர்மா தேக்கு வெளியே வரும், அதை வாங்கி விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். நாலடி உத்திரத் துண்டு ஒன்று. கறுத்து, சுண்ணாம்பு அப்பி, பார்க்கப் பிச்சைக்காரன் கோலத்தில் இருந்தது. சேட் இழைப்புளியை ஒரு தள்ளு தள்ளினார். உள்ளே தேன் நிறம், தோல் மாதிரி ஒரு வாசனை, எண்ணெய்ப் பிசுக்கு. வளையங்கள் நெருக்கமாக, பலகையின் முகத்துக்குக் குத்தாக நின்றன. அப்படி நிற்கும்படி அறுத்த பலகைதான் வேண்டும் என்று மாமா சொல்லி அனுப்பியிருந்தார்; வளையத்தின் வாக்கில் மரம் விரிவது, குறுக்கில் விரிவதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. பழைய மரத்தில் ஒரே ஆபத்து, உள்ளே புதைந்த ஆணி. ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் அங்குலம் அங்குலமாக ஓட்டினேன், அப்படியும் ரம்பத்தின் இரண்டு பற்கள் போயின.

இரும்பு மாதிரி இருக்கட்டும் என்று கருவேலம் வாங்கலாமா என்றும் யோசித்தேன். இந்தக் கரையில் படகின் வங்குக்கால், அதாவது விலா எலும்பு மாதிரி உள்ளே வளைந்து நிற்கும் சட்டங்கள், கருவேலத்தில்தான் நிறைய. இயற்கையாகவே வளைந்த கிளை கிடைக்கும், வளைவை வெட்டி எடுத்தால் நார் அறுபடாது. ஆனால் மாமா ஒத்துக்கொள்ளவில்லை. பழைய கட்டை ஒரு சிவந்த இலேசான மரம். அதோடு கன மீட்டருக்கு 800 கிலோவை ஒட்டி வரும் கருவேலத்தை ஒட்டினால் இரண்டும் ஈரத்துக்கு இரண்டு விதமாக நெளியும், நடுவில் பசை மாட்டிக்கொண்டு சாகும் என்றார். தேக்கு 650ஐச் சுற்றி, ஈரத்துக்கும் அதிகம் அசையாது. பழுது பார்க்கும்போது நல்ல மரத்தைவிடப் பக்கத்து மரத்தோடு ஒத்துப்போகும் மரம் முக்கியம் என்பது எனக்குப் புதிய செய்தி. கல்யாணப் பொருத்தம் பார்க்கிற மாதிரி பேசுகிறாரே என்று சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

மரம் வந்தது, மழையும் வந்தது. இங்கேதான் மும்பைக்கும் நாகப்பட்டினத்துக்கும் உள்ள ஒரு பெரிய வித்தியாசம். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கொளுத்தும் வெயில், மரம் பட்டுப்போல் காயும், ஓடாவிகளுக்கு அதுதான் வேலைக் காலம். மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகெல்லாம் கரையேறும் நேரத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். எங்கள் படகுக்குத் தடை எதுவும் பொருந்தாது, ஆனாலும் அந்த மாதங்களில் கடலில் இறங்க முடியாது என்பதால் எங்களுக்கும் அப்போதுதான் ஓய்வு. காற்றில் ஈரம் 80 சதவீதம் நின்றால் மரம் எவ்வளவு காய வைத்தாலும் 16 சதவீத ஈரத்தில் போய் நிற்கும், 90 ஆனால் 20. எபாக்சிக்கு 12 பக்கம் இருந்தால் நிம்மதி. நான் வாங்கிய ஈரமானி முதல் நாள் 19 காட்டியது. அந்தத் தேக்கைப் பலகையாக அறுத்து, படுக்கையறையில் ஏசிக்குக் கீழே, நடுவில் குச்சி வைத்து அடுக்கினேன். ஐந்து வாரம். பையன் அதன் மேல் ஸ்கூல் பையை வைப்பான், நான் எடுப்பேன். 13க்கு இறங்கியதும் போதும் என்று விட்டேன்.

இனி பசை. ரிசார்சினால் என்று ஒன்று உண்டு, கருஞ்சிவப்பில், மர வேலைக்காரர்கள் சாமி கும்பிடாத குறையாகப் பேசும் பசை. கொதிநீர், உப்பு, வெயில் எதற்கும் அசையாது. ஆனால் அதற்குப் பலகைகள் காகிதம் நுழையாத அளவுக்குப் பொருந்த வேண்டும், பலமான கிளாம்ப் அழுத்தம் வேண்டும். என் செதுக்கலில் காகிதம் என்ன, காலண்டர் அட்டையே நுழையும். பாலியூரித்தேன் நுரைத்துப் பொங்கி இடுக்கை நிரப்பியது போல் காட்டும், அந்த நுரையில் பலம் கிடையாது. ஆகவே எபாக்சி, அது ஒன்றுதான் என் மாதிரி கற்றுக்குட்டியின் இடைவெளிகளை மன்னிக்கிறது. அதிலும் கிளாம்பைப் போட்டு முறுக்கிவிடக் கூடாது, பசை எல்லாம் பிதுங்கி வெளியே வந்து உள்ளே பட்டினி கிடக்கும்.

பசை என்றால் ஒட்டும், ஒட்டாது என்று இரண்டே பதில் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் மொஸ்கிட்டோ என்று ஒரு போர் விமானம் செய்தது, பிளைவுட்டும் பசையும்தான் உடம்பு. ஆரம்பத்தில் பாலிலிருந்து எடுக்கும் கேசீன் பசை, பிறகு யூரியா வகைக்கு மாறினார்கள். 1944இல் இந்தியாவில் இருந்த சில விமானங்களின் இறக்கை பறக்கும்போதே முறிந்தது. ஒட்டு விட்டிருந்தது தெரிந்தது. நம் ஊர் வெக்கையும் ஈரமும் காரணமா, ஒட்டியபோதே சரியாக ஒட்டவில்லையா என்று சண்டை போட்டார்கள். நான் இரண்டாவது கட்சி பக்கம் சாய்கிறேன், என் அனுபவம் அப்படி.

தேக்கு எபாக்சியில் பிடிக்காது, எண்ணெய் மரம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். சரி, பார்த்துவிடுவோம் என்று நாலு சில்லுகளை எடுத்தேன். இரண்டை முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்து, துணியில் மஞ்சள் வராமல் போகும்வரை துடைத்து, அரைமணிக்குள் ஒட்டினேன். மற்ற இரண்டை இழைத்து நாலு நாள் கிடந்தபடியே ஒட்டினேன். மூன்று நாள் கழித்து வைஸில் கவ்வ வைத்துச் சுத்தியலால் ஒரு போடு. துடைத்தது உடைந்த இடத்தில் இரண்டு பக்கமும் தேக்கு நார் கிழிந்து தொங்கியது, பசைக்கோட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. துடைக்காததில் பாதிப் பரப்பு கண்ணாடி மாதிரி மின்னியது, ஒரு நார்கூட ஒட்டவில்லை. அந்த இரண்டு துண்டும் இப்போதும் என் மேஜை மேல் இருக்கின்றன. யாராவது என்னிடம் படகு பற்றிக் கேட்டால் வாய் திறக்காமல் அவற்றைக் கையில் கொடுத்துவிடுவேன்.

எபாக்சியில் நான் பட்ட அடிகள் மூன்று. ஒன்று, சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்ட்னரை, அதாவது ரெசினோடு கலந்து அதை இறுக வைக்கும் திரவத்தை, கூடுதலாக ஊற்றியது. ஃபைபர் வேலைக்காரர்கள் பாலியெஸ்டர் ரெசினில் அப்படித்தான் கூட்டிக் குறைப்பார்கள், எபாக்சியில் ரெசினும் ஹார்ட்னரும் கைகோத்து ஒரே வலையாக மாறுவதால் எது மிஞ்சினாலும் அது உள்ளே கொழகொழவென்று சும்மா கிடக்கும். இப்போது சமையலறைத் தராசில் எடை போட்டுத்தான் கலக்கிறேன், தராசும் புதிது வாங்க வேண்டி வந்தது. இரண்டு, அரை லிட்டரை ஒரே மக்கில் கலக்கியது. கலவை சூட்டைக் கக்கும், சூடு வேகத்தைக் கூட்டும், வேகம் சூட்டைக் கூட்டும். மக் புகைந்து, அடி உருகி, கொட்டகைத் தரையில் மஞ்சள் பாறையாக உட்கார்ந்துவிட்டது. தட்டையான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். மூன்று, மழை நாளில் இறுகிய பசையின் மேல் மெழுகு மாதிரி ஒரு வேர்வை படியும். அதைத் தண்ணீர் போட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த பூச்சுப் பூசினால் அது தோல் உரிவது போல் உரியும். உரிந்தது.

மற்றபடி வேலை நேரானது. 6 மில்லி பலகைக்கு எட்டு மடங்கு, அதாவது 48 மில்லி நீளத்துக்கு இரண்டு ஓரத்தையும் சாய்வாகச் செதுக்கி ஒன்றின் மேல் ஒன்று படிய வைப்பது. முதலில் வெறும் எபாக்சியைத் தடவி மரத்தைக் குடிக்க விடுவது, அதன் பிறகே சிலிக்காப் பொடி போட்டு நிலக்கடலை வெண்ணெய் பதத்துக்குக் குழைத்ததை வைப்பது. வெட்டுவாய் நார் பசையை உறிஞ்சித் தள்ளும், முதலிலேயே கெட்டியானதை வைத்தால் ஒட்டில் ஒன்றும் மிஞ்சாது. பூசுவதைச் சாயங்காலம் வைத்துக்கொள்வேன், மரம் குளிரும்போது உள்ளே இழுக்கும், காலையில் பூசினால் வெயிலேற ஏறக் குமிழ் விடும்.

இப்போது மாமாவின் கேள்வி. எங்கள் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு கோலி மீனவரின் ஹோடி, அதாவது மரப் படகு, ஏற்றி வைத்திருந்தது. அவரை எல்லோரும் காக்கா என்பார்கள், மராத்தியில் சித்தப்பா. இத்தனை வருடமாகியும் அவரைக் கூப்பிடும்போது எனக்குள் ஒரு காகம் கரையும். தேக்குப் பலகை, கருவேல வங்குக்கால், இரும்பு ஆணி. பலகைகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்தவை, நடுவில் கலப்பத்து, அதாவது எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரி. எங்கள் எபாக்சி வேலையைப் பார்த்துவிட்டு அவர் மகன், நம் படகின் இடுக்கெல்லாம் இதையே ஊற்றி அடைத்து, மேலே ஃபைபர் போர்த்திவிட்டால் வருடா வருடம் பஞ்சு அடிக்கும் தொல்லை இல்லையே என்றான். நியாயமாகத்தான் பட்டது. நானே கலக்கிக் கொடுக்கத் தயாராகி, பெருமையாக மாமாவிடம் சொன்னேன்.

"கெடுத்தியே" என்றார்.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கரையில் கிடந்து காய்ந்த ஆறு அங்குலத் தேக்குப் பலகை, கடலில் ஊறினால் அறுத்த விதத்தைப் பொறுத்து 2 முதல் 4 மில்லி அகலம் கூடும். பக்கத்துக்குப் பத்துப் பலகை என்றால் 2 முதல் 4 சென்டிமீட்டர். பஞ்சு நசுங்கி அதற்கு இடம் கொடுக்கும், இடுக்கும் இறுகித் தண்ணீர் நிற்கும். பாறை மாதிரி எபாக்சி இருந்தால் அந்த அகலம் எங்கே போகும்? பலகையின் ஓரம் நசுங்கும், இல்லை ஆணி இழுபடும், இல்லை வங்குக்கால் ஒடியும். ஃபைபர் போர்வை இன்னும் மோசம். மலிவான பாலியெஸ்டர் மரத்தில் சரியாகப் பிடிக்காது, ஓரத்தில் விட்ட இடத்தில் நீர் புகுந்து வெளியேற வழியில்லாமல் உள்ளே உளுக்கும். அதிலும் உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் மரத்துக்கு எமன்.

எங்கள் பிளைவுட் படகு வேறு சாதி. மெல்லிய அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் அது உப்புவதே குறைவு, எல்லாப் பக்கமும் எபாக்சி பூசினால் தண்ணீரும் உள்ளே போகாது. அது உப்பாமல் வைத்துக்கொள்ளப் போகும் மரம். காக்காவுடையது ஊறி உப்பும் மரம், உப்புவதை நம்பியே கட்டியது. யோசித்துப் பார்த்தால் எங்கள் கட்டுமரமும் அப்படித்தான்: பசையும் இல்லை ஆணியும் இல்லை, கயிறு, கரைக்கு வந்ததும் அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள். இதே பம்பாயில் வாடியா குடும்பத்துக் கட்டுநர்கள் 1817இல் மலபார்த் தேக்கில் கட்டிய போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறையில் இன்னும் மிதக்கிறது. பெயர் டிரிங்கோமலி, நம் திருகோணமலை. அதுவும் பசையை நம்பிக் கட்டியதில்லை.

கடைசியில் காக்கா வீட்டுப் படகுக்கு நான் செய்தது, திரி முறுக்கிக் கொடுத்ததும் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சும்போது அடுப்பு பார்த்ததும்தான். உளுத்த பலகை ஒன்றை மட்டும் மாற்றினார்கள். அதற்கு என் பர்மா தேக்கில் மிஞ்சியதைக் கொடுத்தேன், அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு 13 சதவீதம் வரை காய வைத்ததை மெச்சாமல், இவ்வளவு காய வேண்டாமே, ரெண்டு நாள் வெளியே சாரலில் போடு என்றார். ஐந்து வாரம் ஏசியில் கிடந்த பலகையை நானே தூக்கிக்கொண்டுபோய் மழையில் வைத்தேன்.

நாரளி பௌர்ணமிக்குக் கடலில் தேங்காய் விட்டுவிட்டு ஹோடியை இறக்கினார்கள். பத்து நிமிடத்தில் உள்ளே கணுக்கால் அளவு தண்ணீர். எனக்குப் பதறியது. காக்கா கரையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், மகன் வாளியால் இறைத்தான். நான் மாமாவுக்கு போன் செய்து, படகு மூழ்கப் போகிறது என்றேன். "விடு மாப்ள, குடிக்கட்டும்" என்றார்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போகும் முன் மட் வரை போய்ப் பார்த்தேன். படகில் கால் வைத்தால் ஈரம்தான், தண்ணீர் இல்லை. மூலையில் தேங்கியதை மகன் ஒரு சிரட்டையால் வழித்து வெளியே ஊற்றிக்கொண்டிருந்தான்.